டிபன் பாக்ஸுக்குள் ஒரு பாலைவனம்

முதலில் அந்த டிபன் பாக்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது! லடாக்கின் நுப்ரா பள்ளத்தாக்கு, ஹுண்டர் மணல்மேடு, காலை எட்டு மணி. ஈஸல் காற்றில் சாயாமலிருக்க அதன் கால்களுக்கு நடுவே கல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டுவிட்டு, ஓவியர் அக்கா பாக்ஸைத் திறக்கிறார். அடியில் நனைத்த ஸ்பாஞ்சு, அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் வரிசையாக அக்ரிலிக் வர்ணப் பொட்டுகள். இன்று உருவாகப்போகிற மலையும் மணலும் இதற்குள்தான் இருக்கின்றன!

அக்ரிலிக் வர்ணத்தில் நிறமியோடு மிக நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் தண்ணீரில் கலந்திருக்கும். தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. லடாக் காற்றுக்கோ ஈரத்தைக் கண்டால் அவ்வளவு தாகம். வெறும் தட்டில் பிதுக்கினால் நிமிஷங்களில் ஆடை கட்டிவிடும். அதனால் கீழிருந்து ஸ்பாஞ்சு ஈரம் கொடுக்க, மேலிருந்து அக்கா அடிக்கடி ஸ்ப்ரே பண்ணிக்கொண்டே இருக்கிறார்.

கேன்வாஸைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். வெள்ளையே இல்லை! முந்தின இரவே பர்ன்ட் சியன்னாவை நீர்க்கக் கரைத்து முழுக்கப் பூசியிருந்தார். "மலை இடுக்குல எங்கேயாவது பிரஷ் படாம விட்டுப்போனாலும் அடியில இருந்து செம்மண் எட்டிப் பார்க்கும். பாருங்க, எவ்வளவு உயிரா இருக்கும்னு!"

வானம் பத்தே நிமிஷத்தில் முடிந்தது. உச்சியில் அல்ட்ராமரைன் புளூ, அப்படியே டியூபில் இருந்தபடி. 3,000 மீட்டருக்கு மேலே காற்று மெலிந்துவிடுவதால் வானம் அவ்வளவு அடர்நீலம்.

மலைதான் விஷயம். தூரத்து மலையை வெளுத்த நீலமாகத் தீட்டு, கிட்ட இருப்பதை அழுத்தமாகத் தீட்டு என்றுதான் எல்லா ஓவிய வகுப்பிலும் சொல்லித் தருவார்கள். இங்கே அது பலிக்காது! காற்றில் ஈரமும் தூசியும் குறைவு என்பதால் பல கிலோமீட்டர் தள்ளி நிற்கும் சிகரம்கூடக் கை நீட்டினால் தொடலாம் போலத் தெளிவாகத் தெரிகிறது. அப்படியானால் தூரத்தை எப்படிக் காட்டுவது? அக்கா சின்னப் பிரஷை எடுத்து மலையடிவாரத்தில் நகக்கீறல் மாதிரி ஐந்தாறு பச்சைக் கோடுகள் போட்டார். பாப்லர் மரங்கள்! அவ்வளவுதான், பின்னால் இருந்த மலை சட்டென்று பூதாகாரமாகிவிட்டது. நான் கைதட்டியே விட்டேன்.

அவரிடம் கறுப்பு டியூபே கிடையாது. நீலத்தோடு சியன்னாவைச் சேர்த்தால் வருகிற சாம்பல்தான் பாறை நிழல். ஈரமாக இருக்கும்போது பால் போல் இருக்கிற அந்தப் பிளாஸ்டிக் காய்ந்தால் கண்ணாடியாகிவிடும். அதனால் நிறமும் ஒரு படி கறுத்துவிடும். வெயில் பட்ட பாறைக்கு அவர் வேண்டுமென்றே வெளுப்பாகத்தான் கலக்கிறார்.

மலையும் அக்ரிலிக்கும் சேர்ந்ததும் எனக்கு ஓவியர் டேவிட் ஹாக்னி நினைவுக்கு வந்தார். அவர் 1965-ல் கொலராடோவின் போல்டர் நகரில் இருந்தபோது ராக்கி மலைகளை அக்ரிலிக்கில் வரைந்தார். அவர் வரைந்த ஸ்டூடியோவில் மலையைப் பார்க்க ஒரு ஜன்னல்கூட இல்லை என்பதை நினைத்தால், இந்த மணலில் நிற்பதே எனக்கு எவ்வளவு பெரிய பாக்கியமாகத் தோன்றியது தெரியுமா!

மணலுக்கு மஞ்சளைத் தேடினேன். அக்கா எடுத்ததோ வெள்ளையும் சாம்பலும், துளி எல்லோ ஆக்கரும். ஹுண்டர் மணல் வெளிறிய சாம்பல்தான். காற்று ஏறுகிற பக்கம் சாய்வாக, இறங்குகிற பக்கம் செங்குத்தாக மேடு எழுந்தது. "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போட்டா, லாரில கொட்டின மணலாட்டம் ஆயிடும்" என்று சிரித்தார். பிறகு பிரஷைத் துணியில் ஒற்றி, ஈரமில்லாமல் லேசாக இழுத்தார். கேன்வாஸ் நெசவின் மேட்டில் மட்டும் வர்ணம் ஒட்டி, மணலில் அலையலையாக வரிகள் விழுந்தன!

மதியம் பள்ளத்தாக்குக் காற்று கிளம்பியது. மணல் பறந்துவந்து ஈர வர்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நான் பதறித் துணியை எடுக்க, அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும்மா."

மூட்டை கட்டுவதற்குள் முழுக்கக் காய்ந்திருந்தது. "தொட்டுப் பாருங்க" என்றார். விரலால் தடவினேன். கீழ் ஓரத்தில் சொரசொரவென்று, உண்மையான ஹுண்டர்!