மாதாப்பூரில் இருவர் சேர்ந்து ஒரு தொழில்: லாபத்துக்கான வரி யார் கையில்?

ஹைதராபாத்தின் மாதாப்பூர் மைண்ட்ஸ்பேஸ் வளாகம், 2020 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்த மைண்ட்ஸ்பேஸ் ரீட் அறக்கட்டளையின் சொத்துப் பட்டியலில் இருக்கிறது. வாடகை ஈட்டும் கட்டடங்களை ஒன்றாகச் சேர்த்து, அவற்றின் உரிமையைச் சிறு சிறு அலகுகளாகப் பிரித்து விற்கும் அமைப்புக்கு ரீட் என்று பெயர். இந்த வகை அறக்கட்டளைக்கு வருமான வரிச் சட்டம் ஒரு தனி வழி வைத்திருக்கிறது. தன் கீழுள்ள கம்பெனிகளிடமிருந்து வரும் வட்டிக்கு அறக்கட்டளை வரி கட்ட வேண்டாம். பணம் வட்டியாகவே அலகு வைத்திருப்பவருக்குப் போகும். அவருடைய வருமானத்தோடு சேர்த்து, அவருக்குரிய விகிதத்தில் வரி கணக்கிடப்படும்.

அதே மாதாப்பூரில், ஐயப்பா சொசைட்டியின் ஒரு சந்தில், வாடகை ஃப்ளாட் ஒன்றில் இரண்டு நண்பர்கள் எல்எல்பி (வரையறுத்த பொறுப்புக் கூட்டு நிறுவனம்) பதிவு செய்து மென்பொருள் வேலை எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு இந்த வழி இல்லை. கூட்டு நிறுவனமானாலும் எல்எல்பியானாலும், வரித்துறையின் கண்ணில் நிறுவனம் தனி ஆள். முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். அதன்மேல் 4 சதவீத செஸ். தனிநபருக்குக் கிடைக்கும் படிநிலை விகிதமோ, 12 லட்சம் வருமானம் வரையான தள்ளுபடியோ நிறுவனத்துக்குக் கிடையாது. வரி கட்டியபின் மிஞ்சும் லாபத்தைப் பங்குதாரர் எடுத்துக்கொள்ளும்போது மறுபடியும் வரி இல்லை. நஷ்டம் வந்தாலோ அது நிறுவனத்தின் கணக்கிலேயே தங்கிவிடும். பங்குதாரர் அதைத் தன் வேறு வருமானத்தில் கழித்துக்கொள்ள முடியாது.

அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் குழப்பம் வரும். அங்கே சிறு எல்எல்சியின் லாபம் பெரும்பாலும் உரிமையாளரின் தனிப்பட்ட வரிக் கணக்குக்கே நேராகப் போய்விடும். பெயர் ஒரே மாதிரி இருப்பதால், இங்குள்ள எல்எல்பியும் அப்படித்தான் என்று நினைத்துத் தொடங்கியவர்கள் உண்டு. இந்தியாவில் அந்த மாதிரி வரி உரிமையாளர் கையில் விழுவது, ஒருவரே நடத்தும் தனி உரிமைத் தொழிலில்தான்.

ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது: உழைக்கும் பங்குதாரருக்கு நிறுவனம் கொடுக்கும் ஊதியம். பங்குதாரர்களின் ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதியிருந்தால் அதை நிறுவனம் செலவாகக் கழிக்கலாம். பங்குதாரர் தன் விகிதத்தில் வரி கட்டுவார். எவ்வளவு கழிக்கலாம் என்பதற்கு 40(பி) பிரிவில் உச்சவரம்பு உண்டு. 2024இல் உயர்த்தப்பட்ட வரம்பு இது: புத்தக லாபத்தின் முதல் 6 லட்சத்தில் 3 லட்சம் அல்லது 90 சதவீதம், எது அதிகமோ அது, அதற்கு மேற்பட்ட லாபத்தில் 60 சதவீதம்.

நம் இரண்டு நண்பர்களின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஊதியத்துக்கு முன் புத்தக லாபம் 30 லட்சம். முதல் 6 லட்சத்தில் 5.4 லட்சம், மீதி 24 லட்சத்தில் 14.4 லட்சம், ஆக 19.8 லட்சம் ஊதியமாகக் கழியும். மிச்சம் 10.2 லட்சத்துக்கு நிறுவனம் கட்டும் வரி, செஸ்ஸோடு 3,18,240 ரூபாய். ஆளுக்கு வரும் ஊதியம் 9.9 லட்சம், வேறு வருமானம் இல்லையென்றால் 2025-26க்கான புதிய வரி முறையில் அவர்கள் கையில் வரி பூஜ்யம். ஊதியம் பற்றி ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு வாக்கியமும் இல்லாமல் போனால், முழு 30 லட்சத்துக்கும் 9,36,000 ரூபாய் கட்ட வேண்டும். ஒரு பத்தி எழுதாததற்கு விலை 6 லட்சத்துக்கு மேல்! இதே இருவரும் கூட்டு சேராமல் ஆளுக்கு 15 லட்சம் லாபத்தோடு தனித்தனியாகத் தொழில் செய்திருந்தால் இருவருக்கும் சேர்த்து வரி 2,18,400தான் வந்திருக்கும். பத்திரத்தை எவ்வளவு நன்றாக எழுதினாலும், சேர்ந்து உழைப்பதற்குக் கிட்டத்தட்ட ஒரு லட்ச ரூபாய் கூடுதல் வரி. இது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த நிலை எப்போதும் இருந்ததல்ல. முன்பு பதிவு பெற்ற கூட்டு நிறுவனத்துக்குக் குறைந்த வரியும், லாபப் பங்குக்குப் பங்குதாரர் கையில் அவரவர் விகிதத்தில் வரியும் இருந்தன. அதில் வேறு தொல்லை: வருமானத்தைப் பிரித்துக் காட்டுவதற்காகவே வீட்டிலுள்ளவர்களைப் பங்குதாரராக்குவது. 1992 நிதிச் சட்டம் அதை மாற்றி, 1993-94 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நிறுவனத்தின் மீதே முழு வரியை வைத்தது. 2008இன் எல்எல்பி சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் அதே வழியே பின்பற்றப்பட்டது. பிரித்துக் காட்டுவதைத் தடுக்கும் நோக்கம் சரி. ஆனால் பான், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் இணைந்துவிட்ட இந்தக் காலத்தில், உண்மையாக உழைக்கும் இரண்டு பேருக்காவது லாபத்தைத் தங்கள் கணக்கிலேயே காட்டும் விருப்பத்தைத் தரலாம். கட்டட அறக்கட்டளைக்குத் தர முடிந்ததை இவர்களுக்கு ஏன் தர முடியாது?

2025 ஏப்ரல் 1 முதல் இன்னொரு சுமை சேர்ந்திருக்கிறது. 194டி பிரிவின்படி, பங்குதாரருக்கு ஓர் ஆண்டில் ஊதியம், போனஸ், கமிஷன், முதல் மீதான வட்டி எல்லாம் சேர்ந்து 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 10 சதவீத டிடிஎஸ், அதாவது கொடுக்கும் தொகையிலேயே முன்கூட்டி வரி, பிடிக்க வேண்டும். நம் நண்பர்கள் ஒவ்வொருவருக்கும் 99,000 ரூபாய் பிடிபடும். வரியே இல்லாதவர் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறக் காத்திருக்க வேண்டும். பணம் கையில் வராமல் மூலதனக் கணக்கில் வரவு வைத்தாலே போதும், டிடிஎஸ் உண்டு. லாபப் பங்குக்கும், போட்ட முதலைத் திரும்ப எடுப்பதற்கும் கிடையாது. மாதாமாதம் தேவைக்கு எடுத்துக்கொண்டு, மார்ச்சில் ஆடிட்டரிடம் "இதையெல்லாம் சம்பளமாப் போட்டுடுங்க" என்று சொல்லும் பழக்கம் இனி வம்பில் மாட்டிவிடும். எது டிராயிங்ஸ், எது ஊதியம் என்று எடுக்கும் அன்றே எழுதிவைக்க வேண்டும்.

ஊதியம் என்று சொன்னாலும் சட்டத்தில் அது தொழில் வருமானம்தான். அதனால் சம்பளக்காரருக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவு பங்குதாரருக்குக் கிடைக்காது. வேறு வேலையில் ஏற்கெனவே 30 சதவீதப் படியில் இருப்பவருக்கு இந்த ஊதியத்தால் வரி மிச்சமும் இல்லை.

மென்பொருள் ஆலோசனை போன்ற தொழில் செய்பவருக்கு 44ஏடிஏ என்ற எளிய வழி உண்டு: வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் கணக்குப் புத்தகங்கள் வைக்கத் தேவையில்லை, உண்மையான வருமானம் பாதிக்கு மேல் என்றால் அதையே காட்டலாம். வரவு வரம்பு 50 லட்சம். ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம். தனிநபருக்கும் சாதாரணக் கூட்டு நிறுவனத்துக்கும் இது உண்டு, எல்எல்பிக்கு இல்லை. பெயருக்குப் பின்னால் எல்எல்பி என்று போட்டால் வாடிக்கையாளர் மதிப்பார் என்று பதிவு செய்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். லாபமே இல்லாத ஆண்டிலும் எல்எல்பி மே 30க்குள் படிவம் 11, அக்டோபர் 30க்குள் படிவம் 8 தாக்கல் செய்ய வேண்டும். ஜிஎஸ்டியில் ஒரு வேறுபாடு தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் கவனிக்க வேண்டியது: பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் பதிவு வரம்பு 40 லட்சம், தெலங்கானாவில் 20 லட்சம். சேவைக்கு இரண்டு மாநிலங்களிலும் 20 லட்சம்தான்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருப்பதால் மேலே சொன்ன பிரிவு எண்கள் மாறிவிட்டன; புதிய ஆண்டுகளின் கணக்கைப் புதிய சட்டத்தின் எண்களோடுதான் பார்க்க வேண்டும்.

இனி பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். "பங்குதாரர்கள் அவ்வப்போது ஒப்புக்கொள்ளும் தொகை" என்று மட்டும் இருந்தால் போதாது. தொகையோ கணக்கிடும் முறையோ பத்திரத்திலேயே இருக்க வேண்டும் என்று நேரடி வரிகள் வாரியம் 1996இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மூலதன வட்டிக்கும் பத்திரத்தில் இடம் வேண்டும். கழிவு ஆண்டுக்கு 12 சதவீதம் வரைதான். எல்எல்பி ஒப்பந்தத்தைத் திருத்தினால் 30 நாளுக்குள் படிவம் 3இல் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். திருத்தத்துக்கு முன்தேதி போட்டும் பயனில்லை. பத்திரம் கையெழுத்தான நாளுக்கு முந்தைய காலத்துக்குரிய ஊதியத்தை வரித்துறை செலவாக ஏற்பதில்லை.