தூத்துக்குடிக்கு இரவில்தான் பசிக்கும், தெரியுமா?

எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு 'நைட் கிளப்' உண்டு, தெரியுமா? கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஆச்சியைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போகிற இடம் அது! பொழுது சாய்ந்ததும் கல்லைக் காயவைத்து, நள்ளிரவு தாண்டியும் பரோட்டா போடுகிற கடைகளைத்தான் தூத்துக்குடிக்காரர்கள் அப்படிச் சொல்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் காலையில் வந்து இறங்கி, மதியம் ஒரு மீன் சாப்பாடு, நாலு மணிக்குத் திருச்செந்தூர் பஸ் என்று கிளம்பிவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பாதி ஊரை, அதுவும் ருசியான பாதியை, பார்க்காமலே போகிறார்கள்! இந்த ஊரின் கடிகாரம் கடலின் கையில் இருக்கிறது. அதற்கு ஏற்றபடி வந்தால் கிடைப்பதே வேறு.

மீன் ஏலம் என்றால் விடியற்காலை என்றுதானே நினைப்பீர்கள்? தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கு இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள்! இங்குள்ள விசைப்படகுகள் காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு அன்று இரவே ஒன்பது மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது விதி. நாள்கணக்கில் பனிக்கட்டியில் கிடந்த மீன் இல்லை. அன்று காலை கடலில் நீந்திய மீன்! சீலா, விளைமீன், ஊளி, பாறை, கணவாய், நண்டு, இறால் என்று கூடை கூடையாக இறங்கும். கண்மூடித் திறப்பதற்குள் விலை ஏறும். சென்னையில் வஞ்சிரம் என்று கேட்டு வாங்குகிறீர்களே, அதற்கு இங்கே பெயர் சீலா. ஏலக் கூட்டத்தின் நடுவே நிற்காதீர்கள், ஓரமாக நில்லுங்கள். அவர்களுக்கு அது அன்றாடப் பிழைப்பு. கூடை சுமந்து ஓடுகிறவர்களின் வழியை மறிக்கக்கூடாது.

நாட்டுப்படகு மீன் வேண்டுமா? திரேஸ்புரம் போங்கள். அதிலும் சனிக்கிழமை போங்கள்! ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம் இருப்பதால் சனிக்கிழமையே படகுகள் கூட்டமாகக் கரை சேரும், கரையே நிறைந்திருக்கும். இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்கிற அந்த நாளில் வந்து 'பெரிய சீலா ஏன் இவ்வளவு விலை' என்று வருத்தப்பட வேண்டாம். அப்போது நாட்டுப்படகுகள் கொண்டுவருவதைக் கேட்டுச் சாப்பிடுங்கள். உணவகத்தில் உட்கார்ந்ததும் அட்டையைப் பார்க்காமல் "அண்ணாச்சி, இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கே உங்களுக்குத் தனி மரியாதை கிடைக்கும்!

அலையே இல்லாத கடலைப் பார்த்திருக்கிறீர்களா? சென்னைக் கடற்கரையின் இரைச்சலைக் கேட்டுப் பழகியவர்கள் இங்கே வந்து திகைத்துப்போவார்கள். மன்னார் வளைகுடாவுக்குக் கிழக்கே இலங்கை நிற்கிறது. வங்கக்கடலின் பெரிய அலைகளை அது வாங்கிக்கொள்வதால் எங்கள் கடல் பெரும்பாலும் ஏரித் தண்ணீர் மாதிரி கிடக்கும். கரைக்கு அருகில் தீவுகளும் பவளப்பாறைகளும் வேறு. முத்தும் சங்கும் மீனும் இங்கே செழித்ததற்கும், கப்பல்கள் நம்பி நங்கூரம் போட்டதற்கும் இந்த அடக்கமான கடலே காரணம்.

சரி, மறுபடி நைட் கிளப்புக்கு வருவோம். இங்கே பரோட்டா உள்ளங்கை அகலம்தான். கல்லில் எண்ணெய் தாராளமாகப் பாயும். மேலே மொறுமொறுப்பு, உள்ளே அடுக்கடுக்காக மெத்து. கல்லிலிருந்து எடுத்ததும் இரண்டு கையாலும் சேர்த்துத் தட்டி அடுக்கை உடைத்துவிடுவார்கள். அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்கும்! பொரித்த பரோட்டா கேட்டால் எண்ணெயிலேயே முழுக்கிப் பொன்னிறமாக எடுத்துத் தருவார்கள். இப்போது மிக முக்கியமான விஷயம்: சால்னாவைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு தொட்டுத் தொட்டுச் சாப்பிடாதீர்கள், தயவுசெய்து! இலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை மேலே குளிக்கக் குளிக்க ஊற்றச் சொல்லி, இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். பாதி ஊறி, பாதி மொறுமொறுவென்று இருக்கும் அந்தப் பதத்தில் வாயில் வைக்க வேண்டும். பக்கத்தில் காடை வறுவலோ கோழி வறுவலோ மட்டன் சுக்காவோ. எந்தக் கடை நல்ல கடை என்று கேட்கிறீர்களா? வாசலில் பார்சலுக்காகத் தூக்குவாளியோடு உள்ளூர்க்காரர்கள் நிற்கிற கடை!

அடுத்தது மக்ரூன். மூன்றே பொருள்தான், தெரியுமா? முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு. மைதா இல்லை, வெண்ணெய் இல்லை, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை! ஐரோப்பாவில் இதே குடும்பத்துப் பலகாரத்தைப் பாதாம் போட்டுச் செய்கிறார்கள்; எங்கள் ஊரில் பாதாம் இருந்த இடத்தில் முந்திரி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த முந்திரி மரமும் கப்பலேறி வந்ததுதான். பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்து நம் கடற்கரைகளில் நட்டது! மக்ரூனையும் அவர்கள் வழியாகத்தான் கற்றோம் என்று ஊரில் சொல்வார்கள். வெள்ளைக்கருவை நுரைக்க நுரைக்க அடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரை சேர்த்து, பொடித்த முந்திரியைக் கலந்து, காகிதக் கூம்பில் நிரப்பித் தட்டில் சின்னச் சின்னக் கோபுரங்களாகப் பிழிவார்கள். பிறகு மிதமான சூட்டில், அவசரமே படாமல், மணிக்கணக்கில் அடுப்புக்குள் இருக்கும். சூடு கூடினால் நிறம் மாறிவிடும், குறைந்தால் நடுவில் ஈரம் நின்றுவிடும். பொறுமை மட்டுமே கைகொடுக்கும் பலகாரம்.

நல்ல மக்ரூனுக்கு அடையாளம் சொல்கிறேன். கடித்தால் மேல்தோல் நொறுங்க வேண்டும், உள்ளே லேசாகப் பல்லில் ஒட்ட வேண்டும், கடைசியில் நாக்கில் முந்திரி நிற்க வேண்டும். வெறும் சர்க்கரை மட்டும் நின்றால் அது அரைகுறை. கடற்காற்று பட்டால் நமுத்துப்போகும். ஆகவே ஊருக்குக் கிளம்புகிற நாளில் வாங்குங்கள், காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள், பெட்டிக்குள் அமுக்காமல் கையிலேயே எடுத்துப்போங்கள். தொட்டால் உடைகிற சாமான் அது!

போர்த்துகீசியர் பேச்சு வந்ததால் பனிமய மாதா பேராலயத்துக்கு வந்துவிடுவோம். மாதா சொரூபம் 1555-ல் பிலிப்பைன்ஸின் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்று பேராலய வரலாறு சொல்கிறது. மணிலா எங்கே, தூத்துக்குடி எங்கே! ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் பெருவிழா. அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. எல்லா மதத்தாரும் கூடுவார்கள், கடற்கரைச் சாலையில் தின்பண்டக் கடைகள் நெருக்கியடித்து நிற்கும். 1806-ல் செய்த தங்கத் தேர் ஆண்டுதோறும் வராது. 2023-ல் வலம் வந்தபோது ஊர் கொள்ளாத கூட்டம். தடைக்காலம் முடிந்து படகுகள் ஓடத் தொடங்கியிருக்கும் நேரம் என்பதால் திருவிழாவும் மீனும் ஒன்றாகக் கிடைக்கும். விடுதி அறையை மட்டும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

உங்கள் வீட்டு உப்பு டப்பாவில் இருப்பது எங்கள் ஊர் வெயிலாக இருக்கலாம், தெரியுமா? குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தில் விளைகிறது. பாத்தி பாத்தியாக உப்பளங்கள், ஓரத்தில் வெள்ளை வெளேரென்று அம்பாரங்கள், அவற்றின் மேல் ஓலைக் கூரை. ஆண்டுத் தொடக்கத்தில் ஆரம்பித்து வடகிழக்குப் பருவமழை வரும்வரை வாருதல் நடக்கும். உச்சி வெயிலில் அந்த வெண்மையைக் கண் கொண்டு பார்க்க முடியாது. அதில்தான் அளத்து வேலை செய்கிற ஆண்களும் பெண்களும் கால் வெடித்து நிற்கிறார்கள். ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலை இவர்களைப் பற்றித்தான் எழுதினார். படம் எடுப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்காமல் படம் பிடிப்பது எனக்குப் பிடிக்காது. இவ்வளவு உப்பும் இவ்வளவு வெயிலும் இவ்வளவு மீனும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும்? கருவாடு ஆகும்! நெத்திலிக் கருவாடும் சீலாக் கருவாடும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

அதோடு மாசி! சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, காயவைத்து, விறகுக்கட்டை மாதிரி ஆக்கிவிடுவார்கள். மாலத்தீவுக்காரர்களுக்கு அது உயிர், இலங்கையில் அது இல்லாமல் சம்பல் இல்லை. எங்கள் ஊர் வீடுகளிலும் மாசியை இடித்து, உள்ளி, வற்றல், தேங்காயோடு சேர்த்துச் சம்பல் செய்வார்கள். பழைய சோற்றுக்கு அதைவிட வேறு எதுவும் வேண்டாம்! மாலத்தீவுக்கு இன்றும் இங்கிருந்து மரத் தோணிகள் வெங்காயமும் கட்டுமானச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு போகின்றன. பழைய துறைமுகப் பக்கம் போனால் தோணியைக் கண்ணால் பார்க்கலாம். அந்தத் தோணிக்காரர்களின் வாழ்க்கையை ஜோ டி குரூஸ் 'கொற்கை' நாவலில் எழுதியிருக்கிறார். 2013-ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற புத்தகம். ரயிலில் வரும்போது படித்துக்கொண்டு வாருங்கள்.

சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் ஒருகாலத்தில் தூத்துக்குடி வந்துதான் கப்பலேறினார்கள், தெரியுமா? 1914-ல் பாம்பன் பாலம் திறக்கும்வரை போட் மெயில் ரயில் வந்து நின்ற இடம் இதுதான்! அந்தக் கொழும்புப் பாதையில்தான் வ.உ.சிதம்பரனார் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள். போட்டிக்கு நின்ற ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் குறைத்து, ஏறுகிறவர்களுக்கு இலவசமாகக் குடையும் கொடுத்தது! 1908-ல் வ.உ.சி.யைச் சிறையில் அடைத்தார்கள். இன்று பெருந்துறைமுகமே அவர் பெயரில் நிற்கிறது. அதைத் தாண்டிப் போனால் முயல் தீவு. தீவு என்று பெயர்தான், சாலையிலேயே போய்விடலாம். மாலை நேரத்துக்கு அருமையான இடம்.

முத்துநகரில் முத்து கிடைக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அதன் பிறகு சிப்பி வளம் பழையபடி திரும்பவில்லை. ஆனால் 1973-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக முத்து வளர்ப்பில் வெற்றி கண்டது இங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்தான்! சங்கு குளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வங்காளத்தில் கல்யாணமான பெண்கள் கையில் போடுகிற வெள்ளைச் சங்கு வளையலுக்குக் காலங்காலமாக இந்தக் கடலிலிருந்து சங்கு போனது. ஓடு வளையலாகிவிட, உள்ளே இருக்கும் சங்குச் சதையை இங்கே சமைத்துச் சாப்பிடுவார்கள். உணவகத்தில் தேடாதீர்கள், இந்த ஊரில் சிநேகிதர் வீடு இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் தெற்கே கிளம்புங்கள். சங்கப் பாடல்கள் முத்துக்காகப் புகழ்ந்த கொற்கைத் துறைமுகம் இப்போது வயலுக்கு நடுவே இருக்கிறது. கடல் பல கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது! தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் 1586-லேயே தமிழில் புத்தகம் அச்சடித்திருக்கிறார்கள். காயல்பட்டினத்தில் யாராவது கல்யாணத்துக்கு அழைத்தால் எதையும் யோசிக்காமல் போங்கள். களறி என்னும் அந்தக் கல்யாண விருந்தை அவர்கள் பந்தியில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பட்டி உடன்குடியில். தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டும் மஸ்கோத் அல்வா முதலூரில். அதன் எண்ணெய் தேங்காயிலிருந்தே கசிந்து வருவது, நெய் அல்வா சாப்பிட்ட நாக்குக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

திட்டம் இப்படிப் போடுங்கள். வெள்ளி இரவு சென்னை எழும்பூரில் முத்துநகர் விரைவு வண்டி. சனி காலை இங்கே. திரேஸ்புரத்தில் கரை சேரும் படகுகளைப் பாருங்கள், மதியம் அன்றைய மீன், வெயிலில் நல்ல தூக்கம், மாலையில் முயல் தீவு, அப்புறம் நைட் கிளப். ஞாயிறு தென்கரைச் சுற்று. மீன்பிடித் துறைமுகத்தின் இரவு ஏலமும் வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள். ஊர் திரும்பும் ரயிலுக்கு முன் கடைசி வேலையாக மக்ரூன் வாங்குங்கள். கால் கிலோ கேட்காதீர்கள், ஒரு கிலோவாகக் கேளுங்கள். வண்டி மணியாச்சி தாண்டுவதற்குள் அதில் பாதி தீர்ந்திருக்கும்!