ஓர் 'ஸ்' செய்த வேலை

என் மகள் மேல்படிப்புக்காக ஸ்வீடனிலுள்ள உப்சாலா நகருக்குப் போனபோது, அவளுக்குத் துணையாக நானும் தில்லியிலிருந்தே ஸ்வீடிஷ் இலக்கணம் படிக்கத் தொடங்கினேன். போன இரண்டாம் வாரமே அவளிடமிருந்து தொலைபேசி. "அப்பா, ஓர் அறை விளம்பரத்தில் 'ஊட்ஹீரெஸ்' என்று போட்டிருக்கிறது. என்ன பொருள்?"

'ஊட்ஹீரா' என்றால் வாடகைக்கு விடுதல். இறுதியில் வரும் 'ஸ்' செயப்பாட்டு வினையின் அடையாளம். "வாடகைக்கு விட்டாயிற்றாம் அம்மா" என்றேன். அவளும் பேசாமல் இருந்துவிட்டாள். உண்மைப் பொருளோ 'வாடகைக்கு விடப்படும்'! நம்மூர் வாசல்களில் தொங்கும் அதே பலகைதான். தெரிந்தபோது அறை கைமாறியிருந்தது. வேறு அறை கிடைக்கும் வரை ஒரு மாதம் தோழியின் அறையில் தரையில் படுத்தாள் என் பெண்.

அதன்பிறகு இந்த 'ஸ்'ஸை ஒழுங்காகப் படித்தேன். நாம் 'படு' சேர்க்கும் இடத்தில் அவர்கள் ஓர் 'ஸ்' சேர்க்கிறார்கள். 'மோலார்' என்றால் வண்ணம் பூசுகிறார். 'மோலாஸ்' என்றால் பூசப்படுகிறது. 'மோலாடெ' பூசினார், 'மோலாடெஸ்' பூசப்பட்டது. அறிவிப்பு, சட்டம், சமையல் குறிப்பு எல்லாவற்றிலும் இதைக் காணலாம். செய்தவரைச் சொல்ல வேண்டுமானால் நம் 'ஆல்' போல 'ஆவ்' உண்டு. ஆனால் அது பெயருக்கு முன்னால் வரும்.

இன்னும் இரண்டு வழிகள் உள்ளன. 'ப்ளேவ் மோலாட்' என்பது பூசப்பட்டது என்ற நிகழ்ச்சியைச் சொல்லும். 'ஏர் மோலாட்' என்பது பூசியிருக்கிறது என்ற நிலையைச் சொல்லும். அறை போய்விட்டது என்றால் 'ஏர் ஊட்ஹீர்ட்' என்று எழுதியிருப்பார்கள். நான் கோட்டை விட்ட இடம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை: 'ஸ்' வந்தாலே செயப்பாட்டு வினை ஆகாது. 'ஆண்டாஸ்' என்றால் மூச்சு விடுதல். 'ஹுண்டென் பீட்ஸ்' என்பதை 'நாய் கடிக்கப்படுகிறது' என்று படித்து, பாவமே என்று தடவிக் கொடுக்கப் போகாதீர்கள். 'இந்த நாய் கடிக்கும்' என்று பொருள்! 'தன்னை' என்று பொருள்படும் 'சிக்' என்ற பழஞ்சொல் வினையோடு ஒட்டித் தேய்ந்ததே இந்த 'ஸ்'. அதனால்தான் அதற்கு இத்தனை முகங்கள்.

இப்போது மகள் என்னிடம் பொருள் கேட்பதில்லை. நான்தான் அவளிடம் கேட்டுக்கொள்கிறேன்.