தராசு யாரோடு பேசுகிறது?



மடுவத்தில் தொங்கிய பழைய தராசு போய், எண் தெரியும் மின்தராசு பல தோட்டங்களுக்கு வந்துவிட்டது. சில இடங்களில் அது நிறுத்த கிலோவை அப்படியே ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் அனுப்பிவிடுகிறது. முன்பு கணக்கப்பிள்ளை புத்தகத்தில் எழுதி, கிளாக்கர் ஐயா செக்ரோலில் பதிந்த வேலை இது. "என்ன ஐயா, தராசு தன்பாட்டுல பேசுதா?" என்று நம்மிடம் சிலர் கேட்டார்கள். பேசத்தான் செய்கிறது. யாரோடு பேசுகிறது, அதைக் கேட்டு யார் முடிவெடுக்கிறார்கள் என்பதை நம்ம ஆட்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, சாமான்களை இன்டர்நெட்டோடு இணைப்பது. சூடு, ஈரம், பாரம், அதிர்வு என்று எதையாவது அளக்கும் சிறு கருவியை 'சென்சர்' என்கிறார்கள். அளந்ததை அது கம்பியில்லாமலே வேறிடத்துக்கு அனுப்பிவிடும். 'பொருட்களின் இணையம்' என்று இதற்குப் பெயர். இந்தப் பெயரை 1999இல் வைத்தவர் கெவின் அஷ்டன். சவர்க்காரம் முதல் அழகுசாதனம் வரை விற்கும் புரொக்டர் அன்ட் கேம்பிள் கம்பனியில் அவர் வேலை செய்தார். ஒரு நிற உதட்டுச் சாயம் கடைத் தட்டில் அடிக்கடி தீர்ந்துபோனது. கம்பனிக்கோ அது தெரியவில்லை. பொருளே தன் இருப்பைச் சொல்லிவிட்டால் என்ன என்று யோசித்தார். உதட்டுச் சாயத்தில் தொடங்கிய யோசனைதான் இன்று நம்ம மடுவம் வரை வந்திருக்கிறது!

மற்றது செயற்கை நுண்ணறிவு, சுருக்கமாக ஏஐ. இது பழைய கணக்குகளைப் பெருவாரியாகப் பார்த்து, "இப்படி இருந்தபோது இப்படி நடந்தது" என்று பழகிக்கொள்ளும் கம்ப்யூட்டர் முறை. சென்சர் கண் என்றால் இதை மூளை என்று வைத்துக்கொள்ளலாம். கண் மட்டும் இருந்தால் எண்கள்தான் குவியும். அந்த எண்களிலிருந்து அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிப்பது ஏஐயின் வேலை. வியாபாரக் கம்பனிகள் இரண்டையும் சேர்ப்பது இதற்காகத்தான்.

ஸ்டோரில் வேலை செய்பவர்களுக்கு இது உடனே புரியும். ரோலரில் பெயாரிங் தேயத் தொடங்கினால் சத்தம் மாறும். அனுபவசாலியான மெக்கானிக் வாசலில் நின்றே "இது ரெண்டு நாளைக்குத் தாங்காது" என்று சொல்லிவிடுவார். (ரோதைமுனியைக் கும்பிட்டு மெசினைத் தொடும் நம்ம ஆட்களுக்கு மெசின் ஒரு உயிர் மாதிரி. அதன் குரல் மாறினால் தெரியாமலா போகும்?) அதே வேலையைச் செய்ய இப்போது பெயாரிங் பக்கத்தில் ஒரு அதிர்வு சென்சரைப் பொருத்துகிறார்கள். காதுக்கு எட்டாத சின்ன மாற்றமும் அதில் பதியும். உலகத்தில் பல பெரிய தொழிற்சாலைகளில் இந்த முறை இருக்கிறது. மெசின் உடைந்து நின்ற பிறகு ஓடித் திரிவதைவிட, நிற்கும் முன்பே பாகத்தை மாற்றுவது லாபம். வேலை செய்பவரின் கைகாலுக்கும் அதுதான் பத்திரம்.

கரண்டு மிச்சம் பிடிக்கவும் இது உதவுகிறது. கூகுள் கம்பனியின் பெரிய கம்ப்யூட்டர் நிலையங்களைக் குளிராக வைத்திருக்க ஏராளமான மின்சாரம் போகும். அங்கிருந்த ஆயிரக்கணக்கான சென்சர்களின் கணக்கை அதே கம்பனியின் டீப்மைண்ட் பிரிவு ஏஐக்குக் கொடுத்துப் பார்த்தது. குளிரூட்டும் மின்சாரம் 40 சதவீதம் வரை குறைந்ததாக 2016இல் அறிவித்தார்கள். 2018இல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலைமையைப் பார்த்து ஏஐயே குளிரூட்டலைச் சரிசெய்யும்படி விட்டார்கள். அப்போதும் அங்குள்ள ஊழியர் எந்த நேரமும் அதை நிறுத்தித் தன் கைக்கு எடுக்கலாம் என்று வைத்திருந்தார்கள். இதை மறந்துவிட வேண்டாம்.

நம்ம வாட்டு மாடிக்கும் இந்த முறை பொருந்தும். கொழுந்து 12 முதல் 18 மணி நேரம் வாடும். எவ்வளவு காற்று, எப்போது சூடு என்பதில்தான் தேயிலையின் தரமும் கரண்டு பில்லும் இருக்கின்றன. ஈரமானி சென்சர் இதில் நல்ல துணை. ஆனால் வாடிய கொழுந்தைக் கையில் இறுக்கிப் பிடித்து, மோந்து பார்த்துச் சொல்லும் ஆளை அனுப்பிவிட்டால், சென்சர் பிழையாகக் காட்டுகிற அன்றைக்கு அதைக் கண்டுபிடிக்க யாரும் இருக்க மாட்டார்கள். இது நம்முடைய உறுதியான அபிப்பிராயம்.

மெசினை அளப்பதில் நமக்கு முறைப்பாடு இல்லை. மனிதரை அளக்கும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் அமேசன் கம்பனியின் களஞ்சியங்களில் தொழிலாளர்கள் ஒவ்வொரு பொருளையும் ஒரு கருவியால் ஸ்கேன் பண்ணுவார்கள். எத்தனை ஸ்கேன், இடையில் எத்தனை நிமிடம் சும்மா இருந்தார் என்று எல்லாம் பதிவாகும். வேகம் குறைந்தவருக்கு எச்சரிக்கையை அந்த முறையே தயாரிக்கும் என்று 2019இல் செய்தி வந்தது. மேலதிகாரி அதை மாற்றலாம் என்று கம்பனி சொன்னது. பிறகு கலிபோர்னியா மாநிலம் 2021இல் ஒரு சட்டம் போட்டது. 2022 ஜனவரி முதலாம் திகதி அது அமுலுக்கு வந்தது. பெரிய களஞ்சியங்கள் 'இவ்வளவு வேலை செய்ய வேண்டும்' என்ற அளவைத் தொழிலாளிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தையும் மலசலகூடம் போகும் நேரத்தையும் பறிக்கும் அளவு வைக்கக் கூடாது. அந்த அளவால் தன் ஓய்வோ பாதுகாப்போ பாதிக்கப்பட்டதாக நினைக்கும் தொழிலாளி, தன் வேலை வேகம் பற்றிய கடைசி 90 நாள் பதிவைக் கேட்டு வாங்கலாம்.

இப்போது நம்ம தராசுக்கு வருவோம். கிலோ நேரே கம்ப்யூட்டருக்குப் போவதில் நமக்கும் ஒரு நன்மை உண்டு. இடையில் யாரும் கைவைத்துக் குறைப்பது கடினம். ஆனால் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிற கழிவைத் தராசு தானாக முடிவு செய்வதில்லை. ஒரு மனிதர்தான் அந்த எண்ணைப் போட்டு வைக்கிறார். அது எத்தனை என்று கேட்பது நமது உரிமை. அதுபோல, ஆளுக்கு ஆள் கிலோவை ஒப்பிட்டு ஏஐ கணக்குப் போட்டால், செங்குத்து மலையில் ஏறினவரா, கவ்வாத்து வெட்டிக் கொஞ்ச நாளே ஆன மலையில் நின்றவரா, மழையில் நனைந்தவரா, பிள்ளைத்தாய்ச்சியா என்று அதற்குத் தெரியாது. அதையெல்லாம் யாராவது பதிந்து கொடுத்திருந்தால்தான் தெரியும். பதியாவிட்டால் கம்ப்யூட்டருக்கு அவர் 'கிலோ குறைந்தவர்', அவ்வளவுதான்.

நமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. முழுக்க முழுக்க இயந்திரமே எடுத்த முடிவு ஒருவரைப் பாதித்தால், அதை மீளாய்வு செய்யும்படி கேட்கும் உரிமை அதில் எழுதப்பட்டுள்ளது. கட்டம் கட்டமாக அமுலாகும் விதத்தில் கொண்டுவரப்பட்ட சட்டம் இது. ஆகையால் சங்கத் தலைவர்மார் இதன் தமிழ்ப் பிரதி ஒன்றை எடுத்து வைத்திருப்பது நல்லது.

கூடையை வைக்குமுன் தராசில் சைபர் நிற்கிறதா என்று பாருங்கள். எண் நிலையாக நின்ற பிறகு எடுங்கள். சிட்டையோ போன் மெசேஜோ கிடைத்தால் சம்பள நாள் வரை வைத்திருங்கள். கிடைக்காத தோட்டங்களில் காலை, பகல், மாலை மூன்று நிறுவையையும் பிள்ளைகளின் பழைய கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். எழுதத் தெரியாத அம்மாமார் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் அன்றன்றைக்கே சொல்லி எழுதிக்கொள்ளலாம். சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டு வித்தியாசம் இருந்தால், அடுத்த மாதத்துக்கு விடாமல் அந்தக் கொப்பியோடு தலைவரையோ நலன்புரி உத்தியோகத்தரையோ வந்து பாருங்கள்.