கொழும்பு நகரமாந்தரும் அரச பதிவேடுகளும்: சில குறிப்புகள்

ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாறுகளைப் படிப்போர் ஓர் உண்மையை எளிதில் அவதானிக்கலாம். நூலை ஆக்கியோன், அதனைப் பதிப்பித்தோன், பொருளுதவி புரிந்த பிரமுகர் ஆகியோரின் பெயர்கள் அங்குத் தவறாது இடம்பெறும். அந்நூலின் எழுத்துக்களை ஈயத்திற் கோத்தவனது பெயர் இடம்பெறுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் அத்தகைய ஒருவரின் வரலாற்றை நாம் தேட முற்பட்டோம். கொழும்பில் அச்சுக்கோப்பாளராகத் தொழில் புரிந்தவாறே தொழிற்சங்க மேடைகளுக்குப் பாடல்கள் எழுதியவர் அவர். இரண்டு சிறு பிரசுரங்கள் எமக்குக் கிடைத்திருந்தன. அவற்றில் ஊர், வயது, பிறப்பு முதலிய எவ்விபரமும் இருக்கவில்லை. அவரது மக்கள் இன்றும் கொழும்பில் வாழ்வதால் பெயரை இங்குத் தவிர்க்கின்றோம். அத்தேடலின்போது நகரமாந்தர் பற்றிய பொது ஆவணங்களின் இயல்பு குறித்து அறிய நேர்ந்தவற்றையே இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

முதலில் ஒன்றை மனங்கொள்ளுதல் வேண்டும். எந்த அரசும் வருங்கால ஆய்வாளனுக்காகப் பதிவேடு வைப்பதில்லை. வரி அறவிடவும், ஊழியம் பெறவும், சொத்துரிமையைக் காக்கவும், ஐயத்துக்குரியோரைக் கண்காணிக்கவுமே அது பெயர்களை எழுதிவைக்கின்றது. ஆகவே ஒருவரைத் தேடப் புகும்போது, 'இவர் எங்கே பதிவாகியிருப்பார்?' என்று வினவுவதிலும் 'இவரிடம் அரசு எதனை எதிர்பார்த்தது?' என்று வினவுவதே பயன்தருவதாகும்.

ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் இதற்குத் தக்க சான்று. 18ஆம் நூற்றாண்டிற் கொழும்புத் திசாவனிக்கு அவர்கள் தயாரித்தவை தலைத் தோம்பு, காணித் தோம்பு என இருவகைப்பட்டன. முன்னையது குடும்பத் தலைவனையும் குடும்பத்தாரையும், சாதிவழி அவர்கள் செய்யக் கடமைப்பட்ட ஊழியத்தையும் குறித்தது. பின்னையது தோட்டங்களையும் அவற்றில் நின்ற தென்னை, பலா, கமுகு ஆகிய மரங்களின் தொகையையும் குறித்தது. மனிதனும் மரமும் வருமானத்திற்குரிய பொருள்களாக அருகருகே எண்ணப்பட்டமையை அப்பக்கங்களிற் காணலாம். கோட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உழைத்த அடிமைகளோ விற்பனைப் பத்திரங்களிலும் இறந்தோரின் சொத்துப் பட்டியல்களிலுமே பெயர் பெறுகின்றனர். கொம்பனித்தெருவின் பழைய ஆங்கிலப் பெயர் அவர்களை நினைவூட்டுவதாக இருந்தது. இவ்வாவணங்களுட் பெரும்பாலானவை கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் உள்ளன. ஒல்லாந்த மொழி அறியாதார் அவற்றை நேரடியாகப் பயன்படுத்துதல் அரிது.

பிரித்தானியர் காலத்திற் சொத்துடையோரைத் தேடுவது மிக எளிதாகிவிடுகின்றது. 1802ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவரத் தொடங்கிய அரசாங்க வர்த்தமானியில் யூரர்களாகக் கடமையாற்றத் தகுதியுடையோர் பட்டியல்கள் பெயர், தொழில், வதிவிடம் என்பனவற்றுடன் அச்சிடப்பட்டன. மரணசாசன வழக்கு அறிவித்தல்களும், கடன் இறுக்க வகையற்றோர் பற்றிய அறிவித்தல்களும் அதிலேயே இடம்பெற்றன. பேர்குசன் டிரெக்டரி தோட்டத்துரைமார், வணிகர், நியாயவாதிகள், அரச உத்தியோகத்தர் முதலியோரை ஆண்டுதோறும் நிரைப்படுத்தித் தந்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றங்கள் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டுமென விதித்தது. இதனாற் காணி உடையோரின் உறவுமுறைகளும் சீதனங்களும் பங்குப் பிரிவினைகளும் தலைமுறை தலைமுறையாக உறுதிகளிற் காக்கப்பட்டுள்ளன. காணிப் பதிவகத்தில் ஒரு காணித்துண்டின் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டால், முந்திய பக்கத்துக்கும் பிந்திய பக்கத்துக்கும் அதுவே வழிகாட்டும். இலங்கைப் பூர்ஷ்வா வர்க்கத்தின் தோற்றத்தைச் சாராயக் குத்தகைகளினூடே விளக்கிக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அத்தகைய ஆய்வு சாத்தியமானமைக்கு அவ்வர்க்கம் தன்னைத் தானே இத்துணை விரிவாகப் பதிவுசெய்து கொண்டமையும் ஒரு காரணம் எனலாம்.

எமது அச்சுக்கோப்பாளர் இவற்றுள் எதிலும் இல்லை. மாநகரசபையின் வரிமதிப்பீட்டுப் பதிவேடுகளிலாவது அவரது வீட்டைக் காணலாம் என எதிர்பார்த்தோம். கொழும்பு மாநகரசபை 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தாற் தோன்றியது. வீட்டின் ஆண்டுப் பெறுமதியை மதித்து வரி விதிப்பதற்காக ஒவ்வொரு கட்டடத்துக்கும் இலக்கம் வழங்கப்பட்டது. ஆயின் தொழிலாளர் வாழ்ந்த இடங்களோ கொழும்பு வழக்கில் 'தோட்டம்' எனப்படும் நெருக்கமான அறைத்தொகுதிகள். ஒரு தோட்டம் முழுவதற்கும் ஒரே வரிமதிப்பு இலக்கம். அதன்பின் ஒரு சாய்கோடு. அதன்பின் அறையின் இலக்கம். வரி செலுத்துவோன் தோட்டத்துச் சொந்தக்காரன் ஆதலின் அவன் பெயரே ஏட்டிற் பதிவாயிற்று. சாய்கோட்டுக்கு அப்பால் வாழ்ந்தோர் பற்றி ஏடு மௌனஞ் சாதிக்கின்றது. 1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் அறைவாசிகளுக்கு உரிமை கோரும் வழியைத் திறந்தபோதே அவர்களுட் பலர் தாம் வாழ்ந்த அறையின் பெயரால் வீடமைப்பு ஆவணங்களில் முதன்முதலாக இடம்பெற்றனர். எம்மவர் அதற்கு முன்னரே இறந்துவிட்டார்.

குடிசன மதிப்பு ஏடுகளை நாடுவதால் இவ்விடயத்திற் பயன் சிறிதே. 1871 தொடக்கம் எடுக்கப்பட்ட மதிப்புகளின் அறிக்கைகள் மதம், இனம், தொழில் ஆகியன பற்றிய தொகைகளைத் தருமேயன்றி ஆட்களைத் தருவதில்லை. உழைக்கும் மக்கள் அவற்றில் எண்களாக மட்டுமே உலாவுகின்றனர்.

போராடியபோது அவர்கள் பெயர் பெற்றதுண்டு. 1893ஆம் ஆண்டிற் கொழும்பு அச்சுத் தொழிலாளர் சங்கம் அமைத்து, கேவ் கம்பனி அச்சகத்தில் வேலைநிறுத்தஞ் செய்தனர். இந்நாட்டுத் தொழிற்சங்க வரலாறு அச்சுக்கோப்பாளரிடமிருந்தே தொடங்குகின்றது என்பது இலக்கிய மாணவராகிய எமக்குப் பெருமை தரும் செய்தி. 1923ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தம் முதலியவை பற்றிய அரச ஆவணங்களும் பத்திரிகைச் செய்திகளும் முக்கியமானவை. ஆனால் அவற்றிலும் தலைவர்களின் பெயர்களே மிகுதி. எம்மவர் கூட்டத்திற் பாடியவர், பேசியவரல்லர்.

உயிர்நிலைப் பதிவுகளை அடுத்து நாடினோம். 1867ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு பிறப்பு, இறப்புப் பதிவு அரசின் ஒழுங்கான கருமமாயிற்று. அதற்கு முற்பட்ட காலத்துக்குத் தேவாலய ஏடுகளே துணை. ஒல்லாந்தர் காலத் தொடர்புடையோருக்கு வுல்வெண்டால் தேவாலயமும், கத்தோலிக்கருக்குக் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பங்குகளும் முக்கியமானவை. ஞானஸ்நான ஏட்டில் ஞானப் பெற்றோரின் பெயரும் காணப்படுவதால் ஒரு குடும்பத்தின் சுற்றத்தையும் ஓரளவு அறியலாம். அரச பதிவைப் பொறுத்தவரை, கட்டணஞ் செலுத்தித் தேடுவித்துப் பிரதி பெறலாம். பதிவுப் பிரிவும் ஏறத்தாழவேனும் ஆண்டும் தெரிந்திருத்தல் அவசியம். பிரிவு தெரியாதவிடத்து மாளிகாவத்தையிலுள்ள மத்திய ஆவணக் காப்பகத்தை நாடவேண்டிவரும்.

இங்குத் தமிழ்ப் பெயர்கள் ஒரு தனிச் சிக்கலை விளைவிக்கின்றன. பெயரகராதிகள் குடும்பப்பெயர் கொண்ட சமூகங்களை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டவை. தந்தை பெயரே முன்னெழுத்தாக மாறும் எம்மிடையே, தந்தையும் மகனும் அகராதியில் வெவ்வேறு எழுத்துக்களின்கீழ் நிற்பர். ஒரே கந்தசாமி ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பார். 'பிள்ளை', 'செட்டியார்' முதலிய சாதிப் பின்னொட்டுக்கள் ஓரிடத்திற் சேர்ந்தும் பிறிதோரிடத்தில் நீங்கியும் காணப்படும். பெயரைவிட முகவரியையும் தொழிலையும் பற்றிக்கொண்டு தேடுவதே எமது அனுபவத்தில் உகந்த முறை. ஓர் அலுவலகத்தில் மூன்று முறை 'அப்படி ஒருவர் இல்லை' எனத் திருப்பியனுப்பப்பட்ட பின்னர், நான்காம் முறை தெருப்பெயரைக் கூறியே அவரது இறப்புப் பதிவைப் பெற்றோம். தொழில்: அச்சுக்கோப்பாளர். அறிவித்தவர்: அயல் அறையில் வசித்த ஒருவர். பிறந்த இடம்: இராமநாதபுரம். சாய்கோட்டுக்கு அப்பாலுள்ள அறையிலக்கத்தையும் முதன்முறையாக அப்பதிவிலேயே கண்டோம்.

அவ்விலக்கத்தைக் கொண்டு வாக்காளர் இடாப்புகளைப் புரட்டினோம். தெருவாரியாகவும் வீட்டிலக்க வாரியாகவும் அமைந்தவை இவை. 1931இல் வழங்கப்பட்ட சர்வசன வாக்குரிமையின் பயனாகவே நகரத்து ஏழைகளின் பெயர்கள் அச்சிற் பெருமளவில் ஏறின. இந்தியாவிலிருந்து வந்தோருக்கு நிரந்தர வதிவு முதலிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டிருந்தபோதிலும் எம்மவர் 1940களின் இடாப்பில் இருக்கின்றார். அடுத்த தசாப்தத்தில் அதே அறையின் எதிரே அவர் பெயர் இல்லை. அவர் அவ்வறையை விட்டு அகலவில்லை. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் வாக்குரிமையைப் பிரசைகளுக்கு மட்டுமென வரையறுத்தது. அவரோ 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டப்படி பிரசையல்லர். ஒரு பெயர் இடாப்பிலிருந்து மறைவதை மரணமென்றோ இடமாற்றமென்றோ கொள்ளும் ஆய்வாளர் இவ்விடத்தில் எளிதிற் பிழைபடுவர்.

அச்சட்டம் பிறப்புப் பதிவிலும் தன் சுவட்டைப் பதித்துள்ளது. இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றை எடுத்து நோக்குக. பாட்டன் இலங்கையிற் பிறந்தவராயின் அவரது பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்பனவற்றுக்கு ஒரு கூடு உண்டு. தந்தை இலங்கையிற் பிறவாது பூட்டன் இங்குப் பிறந்தவராயின் அவரைக் குறிக்கவும் ஒரு கூடு உண்டு. பிறந்து சில நாட்களேயான குழந்தையைப் பற்றிய ஏட்டில் இவ்வினாக்கள் ஏன் என்று எம்முட் பலர் ஒருபோதும் சிந்தித்ததில்லை. வம்சாவளிப் பிரசாவுரிமைக்குத் தந்தை இங்குப் பிறந்திருக்கவேண்டும், அன்றேற் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருக்கவேண்டும் என்ற 1948ஆம் ஆண்டின் நிபந்தனையே அக்கூடுகளாக வடிவெடுத்துள்ளது. எம்மவரின் மகளது சான்றிதழில் அவ்விரண்டிலும் ஒவ்வொரு கோடு மட்டுமே கீறப்பட்டிருந்தது.

ஏழை நகரமாந்தன் ஒருவனைப் பற்றிய மிக விரிவான ஆவணம், அவனை ஏற்க மறுப்பதற்கு வழிதேடிய நடைமுறையினாலேயே உண்டாயிற்று என்பது இத்தேடலில் யாம் கண்ட முரண்பாடு. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இங்கு வதிந்தமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்ட ஒரே பிரிவு அவ்வதிவை முறித்துவிடும். ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்கப்பட்டனர். பெரும்பாலோர் மலையகத் தோட்டத் தொழிலாளர் எனினும் கொழும்புத் துறைமுகத் தொழிலாளரும், நகரசுத்தித் தொழிலாளரும், கடைச் சிப்பந்திகளும், அச்சகத்தாரும் இவர்களுள் அடங்குவர். வாடகைச் சிட்டை, அரிசிக் கூப்பன் புத்தகம், முதலாளியின் கடிதம், பிள்ளையின் பள்ளிக்கூடச் சான்று என வாழ்க்கை முழுவதையும் தாளாக்கி அவர்கள் ஒப்படைத்தனர். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் இவ்வரலாற்றின் பிந்திய அத்தியாயங்கள்.

பதிவேட்டில் இல்லாமற் போவது ஒருவகை இன்னலாயின், இருப்பது பிறிதொருவகை இன்னலாகலாம். 1983 யூலையிற் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிச்சென்ற கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்பின் பிரதிகள் இருந்தமையைப் பலர் பதிவுசெய்துள்ளனர். நாம் அச்சுக்கோப்பாளரைத் தேடப் பயன்படுத்திய அதே தெருவாரி ஒழுங்கு அவர்களுக்கும் பயன்பட்டது. 2007 யூன் மாதத்திற் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர்நீதிமன்றம் தலையிட்டது. 2008இல் வடக்கிலிருந்து வந்தோர் தனியாகப் பதியப்பட்டனர். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் ஆய்வாளருக்குப் பெருந்துணை எனினும், தனியாள் பற்றிய தகவலுக்கு அது வரம்பு கட்டுகின்றது. சிலர் அதனை இடையூறாகக் கருதுவர். கொழும்பின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு கருதமாட்டார்கள். வாழ்வோரின் முகவரிகளை ஆய்வேட்டின் பின்னிணைப்பாக அச்சிடும் வழக்கம் கைவிடப்பட வேண்டும் என்பதே எமது கருத்து.

அச்சுக்கோப்பாளரின் விண்ணப்பக் கோவையை அலுவலகம் எதிலும் நாம் பெறவில்லை. அவரது மகள் தகரப் பெட்டி ஒன்றில் அதன் பிரதிகளைப் பாதுகாத்திருந்தார். 1942 மே முதல் எங்கிருந்தீர் என்ற விசாரணைக் கடிதத்துக்கு அவர் பென்சிலால் எழுதிய மறுமொழியின் தமிழ் வரைவு அங்கிருந்தது. 1942 ஏப்ரல் 5ஆந் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய காலை, அச்சகத்தில் எழுத்துப் பெட்டிகள் கவிழ்ந்தமை, சிதறிய எழுத்துக்களை இரண்டு நாள் இருந்து பொறுக்கிப் பிரித்தமை, கர்ப்பிணியான மனைவியை ஊருக்கு அழைத்துச் சென்றமை, திரும்புவதற்குக் கப்பலிடம் கிடையாது காத்திருந்தமை என இரண்டு பக்கம். அவர் எழுதியவற்றுள் எமக்குக் கிடைத்துள்ள உரைநடை அது ஒன்றே. அதற்கு வந்த விடை அச்சடித்த படிவம். அதில் மையால் நிரப்பப்பட்டிருந்தவை இரண்டு: அவரது பெயரும், மாதங்களின் எண்ணிக்கைக்கென விடப்பட்ட இடைவெளியில் 13 என்ற இலக்கமும்.