சிதறிய ஜல்லியும் சறுக்கும் சக்கரமும்



அவசரச் சிகிச்சைப் பிரிவின் விபத்துப் பதிவேட்டில் மிக அதிகமாக இடம்பெறும் வரிகளுள் ஒன்று, "இருசக்கர வாகனம் வழுக்கி விழுந்ததில் காயம்" என்பதாகும். எதன்மீது வழுக்கியது என்னும் கேள்விக்கு அந்த வரியில் விடை இருப்பதில்லை. காயமுற்றவரோ, "நானாகத்தான் விழுந்தேன், சார்; எந்த வண்டியும் மோதவில்லை" என்று சற்றே வெட்கத்துடன் கூறுவார். உடன் வந்த குடும்பத்தார் அதைக் கேட்டு ஆறுதல் கொள்வர். மோதல் இல்லையெனில் காயமும் சிறியதாகத்தான் இருக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை சில வேளைகளில் உயிரைப் பறித்துவிடுகிறது என்பதாலேயே இக்கட்டுரையை எழுத நேர்ந்தது.

பாகலூர் வட்டாரத்தின் சாலைகளை அறிந்தோர்க்கு இதன் பின்னணியை விரித்துரைக்க வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல்லுக்குப் பெயர்பெற்றது. குவாரிகளிலிருந்தும் கிரஷர்களிலிருந்தும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள், ஓசூரைச் சுற்றியும் எல்லை தாண்டிக் கர்நாடகத்திலும் நடைபெறும் கட்டுமானப் பணிகளுக்காக அல்லும் பகலும் ஓடுகின்றன. தார்ப்பாய் போடாத லாரி ஒன்று வேகத்தடையில் ஏறி இறங்கினால் போதும். இரண்டு கை ஜல்லி சாலையில் சிதறிவிடும். வளைவுகளிலும், சந்திப்புகளில் லாரி திரும்பும் இடங்களிலும் சிதறல் இன்னும் மிகுதி. பள்ளங்களுக்கு இட்ட ஒட்டு பெயர்ந்து வெளிவரும் கற்கள், மழைநீர் ஓரத்து மண்ணை அடித்துக்கொண்டுவந்து தார்மீது பரப்பும் செம்மண் சரளை, பட்டறைகளிலிருந்து செல்லும் கழிவு ஏற்றிய வண்டிகளிலிருந்து உதிரும் இரும்புத் துருவல், லாரி டயரிலிருந்து உரிந்து கிடக்கும் ரப்பர்ப் பட்டைகள் ஆகியவற்றையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். அறுவடைக் காலத்தில் ராகியையும் கொள்ளையும் சாலையில் பரப்பி, ஓடும் வண்டிகளையே போரடிக்கும் மாடுகளாக்கிக் கொள்ளும் வழக்கமும் நம் பகுதிக்கு உண்டு. களம் அமைத்துக் கொடுக்காமல் உழவரை மட்டும் குறைகூறுவதில் நியாயமில்லை என்பது என் கருத்து. ஆயினும் உலர்ந்த ராகித் தாளின்மீது பிரேக் பிடிப்பவருக்கு அந்த நியாயம் உதவாது.

சிறு கல் ஏன் இவ்வளவு தீங்கு செய்கிறது? இருசக்கர வாகனத்தின் ஒரு டயர் எந்நேரமும் சாலையைத் தொட்டிருக்கும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. வண்டியை நிறுத்துவதும் திருப்புவதும் அந்த இரண்டு உள்ளங்கைகளின் பிடியால்தான். கெட்டியான தார்மீது உருளக்கூடிய கற்கள் கிடக்கும்போது டயர் தாரைத் தொடாமல் கற்களின்மேல் நிற்கிறது. கற்களோ பால்பேரிங் குண்டுகளைப் போல உருண்டோடுகின்றன. முழுவதும் மண்ணாக உள்ள பாதையைவிட, நல்ல தார்ச்சாலையில் அங்கங்கே சிதறிய ஜல்லி அதிக ஏமாற்றம் தருவது இதனால்தான். மண் பாதையில் ஓட்டுநர் முன்னரே வேகத்தைக் குறைத்துவிடுகிறார், தார்ச்சாலையில் குறைப்பதில்லை.

கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு நொடி எடுத்துக்கொண்டால் அதற்குள் 11 மீட்டர் சென்றுவிடுவார். உலர்ந்த தாரில் அதன்பின் ஏறத்தாழ 9 மீட்டரில் வண்டி நிற்கும். பிடிமானம் பாதியாகக் குறைந்தால் அந்த 9 மீட்டர் 18 மீட்டராகிவிடும். வளைவில் நிலைமை வேறு விதமானது. அதே வேகத்தில் 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்புவதற்கே உலர்ந்த தாரின் பிடிமானத்தில் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது; ஜல்லி கிடந்தால் மிச்சம் எதுவுமில்லை, வண்டி பக்கவாட்டில் சரிந்துவிடும். வேகத்தைப் பாதியாகக் குறைத்து 20 கிலோமீட்டரில் திரும்புவோமானால் தேவைப்படும் பிடிமானம் பாதியாக அன்று, நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. இந்த ஒரு கணக்கை மட்டும் நினைவிற்கொண்டால் போதும்.

ஆகவே வேகத்தைக் குறைப்பதெல்லாம் ஜல்லியை அடைவதற்கு முன்னரே முடிந்துவிட வேண்டும். அதன்மீது ஏறிய பிறகு முன்பிரேக்கை அழுத்துவதும், வண்டியைச் சாய்ப்பதும், ஆக்சிலேட்டரைத் திடீரெனத் திருகுவதும் கூடா. கைப்பிடியை இறுக்காமல் நேராகவே கடந்துவிடுதல் நலம். பின்பிரேக்கைத் தேவையானால் மென்மையாகப் பயன்படுத்தலாம். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காக்கிறது. ஆனால் சரளைமீது நிற்கும் தூரத்தை அது குறைத்துவிடாது, சாய்ந்திருக்கும் வண்டியைத் தூக்கி நிறுத்தவும் செய்யாது. டிப்பர் லாரியின் பின்னால் நெருங்கிச் செல்லாதீர்கள். லாரி மறைத்திருக்கும் சாலையை உங்களால் காண முடியாது. அதன் டயர் தெறிக்கும் கல் நேரே முகத்துக்கு வரும். மார்கழி, தை மாதங்களில் ஓசூர்ப் பகுதியின் விடியற்காலைப் பனிமூட்டத்தில் முதல் ஷிப்டுக்குச் செல்வோர்க்கு இது இருமடங்கு பொருந்தும்.

வழுக்கி விழுதலில் மோசமான பகுதி பல நேரங்களில் விழுதலன்று, அதன் பின் வரும் வண்டியாகும். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பதாகை ஒன்று விழுந்ததில், இருசக்கர வாகனத்தில் வந்த 23 வயது மென்பொருள் பொறியாளர் நிலைதடுமாறிக் கீழே விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர்மீது ஏறியதில் உயிரிழந்தார். ஜல்லியில் சறுக்குபவருக்கும் இதே இடர் உண்டு. விழுந்தவரைத் தூக்குவதற்கு முன் பின்வரும் வண்டிகளை நிறுத்த ஒருவர் சைகை காட்ட வேண்டும் என்பது இதனாலேயே.

இனி, காயங்களைக் குறித்துச் சற்று விரிவாகக் காண்போம். குடும்பத்தினர்க்கு இப்பகுதியே மிகவும் தேவையானது.

சறுக்கி இழுக்கப்பட்ட உடலில் முதலில் தெரிவது சிராய்ப்பு. பார்வைக்கு மேலோட்டமாக இருப்பினும் அதனுள் தூளும் தாரும் புதைந்திருக்கும். ஓடும் தூய நீரில் பத்து நிமிடமேனும் கழுவுதலே முதல் மருந்து. காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, பற்பசை எதையும் அப்பக்கூடாது. அவற்றைச் சுரண்டி எடுப்பதிலேயே எங்கள் செவிலியர்க்கு அரைமணி நேரம் கழிகிறது, நோயாளிக்கோ இரட்டை வேதனை. புதைந்த துகள்களை ஓரிரு நாள்களுக்குள் மருத்துவமனையில் அகற்றாவிட்டால் அவை பச்சைகுத்தியதுபோலத் தோலுக்கடியில் நிரந்தரக் கருநிறமாகத் தங்கிவிடும். முகத்தில் நேர்ந்தால் அதன் வருத்தம் வாழ்நாள் முழுதும். மண்ணில் இரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் உள்ளன. அழுக்கான காயத்தில், கடைசித் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் போட வேண்டும். "சின்ன வயதில் போட்டதுதான்" என்பவர்களை அப்படியே அனுப்ப இயலாது.

விழும்போது எவரும் கையை ஊன்றுவர். அதனால் மணிக்கட்டும் காறை எலும்பும் முறிவது வழக்கம். பெருவிரலின் அடியில் ஸ்கேஃபாய்டு என்னும் சிறிய எலும்பு ஒன்று உண்டு. அதன் முறிவு முதல்நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். "படத்தில் ஒன்றும் இல்லை" என்று கேட்ட மகிழ்ச்சியில் பத்து நாள் கழித்து வரச் சொன்னதை மறந்துவிடுபவர்கள் பலர். சேராமல் போன அந்த எலும்பு, ஆலையில் ஸ்பேனர் பிடிக்கும் கையைப் பின்னாளில் முடக்கிவிடும். பெருவிரல் பக்கம் வலி நீடித்தால் கட்டாயம் மீண்டும் வாருங்கள்.

கண்ணில் கல் தெறித்திருந்தால் கசக்காதீர்கள். மேலோட்டமான தூசியானால் நீரால் கழுவலாம். பார்வை மங்கினாலோ, துகள் குத்தி நிற்பதாகத் தோன்றினாலோ கழுவவும் அழுத்தவும் கூடாது. கண்ணை லேசாக மூடி உடனே அழைத்து வர வேண்டும்.

கைப்பிடி வயிற்றில் குத்தியிருந்தால், வெளியில் ஒரு கன்றலைத் தவிர வேறொன்றும் காணாமலே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்து உள்ளே குருதி கசியக்கூடும். வயிற்றுவலி கூடுதல், தோளில் காரணமற்ற வலி, முகம் வெளுத்து வியர்த்தல் ஆகியவை அதன் அடையாளங்கள்.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது தலைக்காயம். மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே குருதி சேரும் வகையில், அடிபட்டவர் சிறிது நேரம் மயங்கி, பின் எழுந்து, தெளிவாகப் பேசி, தேநீர்கூடக் குடிப்பார். ஓரிரு மணி நேரமோ அதற்கு மேலோ கழிந்தபின், சேர்ந்த குருதி மூளையை அழுத்தத் தொடங்கும். இந்தத் தெளிவான இடைவெளியைக் கண்டுதான் குடும்பத்தினர், "நன்றாகத்தானே பேசுகிறார், வீட்டுக்குக் கூட்டிச் செல்கிறோம்" என்று கையெழுத்திட்டுச் செல்கிறார்கள். இரவில் உறக்கம் என்று எண்ணியது மயக்கமாக இருந்துவிடுகிறது. உரிய நேரத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்து அறுவை செய்தால் முற்றிலும் மீளக்கூடியவர்களே இவர்கள் என்பதால், இழப்பின் துயரம் எங்களுக்கும் ஆறுவதில்லை. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறிய பேச்சு, எழுப்பினால் எழாமை, ஒரு கண்பாவை மட்டும் விரிதல், காதிலோ மூக்கிலோ நீர் அல்லது குருதி வடிதல், வலிப்பு ஆகிய இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் விடியும்வரை காத்திருக்கலாகாது. குருதி உறையாமைக்கு மருந்து உட்கொள்வோரும், மது அருந்தியிருந்தோரும் தனிக் கவனத்துக்குரியோர். மதுவால் வந்த உறக்கமென்று விட்டுவிடப்பட்டவர்களை நாங்கள் காலை வேளைகளில் கண்டிருக்கிறோம்.

தலைக்கவசம் குறித்த மருத்துவ ஆய்வும் ஒரு வழுக்கலில் தொடங்கியதே. 1935 மே மாதம், "அரேபிய லாரன்ஸ்" எனப்பட்ட டி. இ. லாரன்ஸ், இங்கிலாந்தில் மிதிவண்டிச் சிறுவர் இருவரைத் தவிர்க்க மோட்டார் சைக்கிளைத் திருப்பியதில் தூக்கி எறியப்பட்டு ஆறாம் நாள் இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவரான நரம்பு அறுவை மருத்துவர் ஹியூ கெய்ன்ஸ், அதன்பின் மோட்டார் சைக்கிள் ஓட்டும் படைவீரரின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். தலைக்கவசம் இறப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாகப் பிற்காலத் தொகுப்பாய்வு காட்டிற்று. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், தாடைப்பட்டை பூட்டியிருக்க வேண்டும், பின்னிருக்கையில் இருப்பவரும் அணிய வேண்டும். பட்டை பூட்டாத கவசம் விழுபவருக்கு முன்பே கழன்று உருண்டுவிடும். முகமூடிக் கண்ணாடி உள்ளதையே வாங்குங்கள். டிப்பரின் பின்னால் வரும் கல்லுக்கு அதுவே கேடயம்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு தமிழ்நாடே முதலிடம்.

விபத்து நேர்ந்தவுடன் 108ஐ அழையுங்கள். எல்லைப்பகுதியாதலால் கைப்பேசி கர்நாடகக் கோபுரத்தோடு இணைந்திருக்கக்கூடும். ஆகவே, மாநிலம், மாவட்டம், அருகிலுள்ள ஊர் என்ற வரிசையில் முதலிலேயே கூறுங்கள். தலைக்கவசத்தை, மூச்சுத் தடையோ வாந்தியோ இருந்தாலன்றிக் கழற்ற வேண்டாம். கழற்றத்தான் வேண்டுமெனில் ஒருவர் கழுத்தை அசையாமல் தாங்க, மற்றொருவர் மெல்ல எடுக்க வேண்டும். உதவுவோர் அஞ்சத் தேவையில்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு அவர்களைக் காக்கிறது. பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தவும் முடியாது.

செலவைக் குறித்த கவலையால் காலம் தாழ்த்துவோர் உளர். 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டு எல்லைக்குள் காயமுற்றவர் எந்த மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் பெறலாம். எல்லைக்கு அப்பால் விழுந்தவர்க்கு, 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் திட்டம் உண்டு. ஏழு நாள்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குட்பட்டு, பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் அது செல்லும்.

சிப்காட் தொழிலாளர் பலர் அறியாத செய்தி ஒன்றும் உண்டு. வேலைக்குச் செல்லும்போதோ திரும்பும்போதோ நேரும் விபத்தையும், நேரம், இடம், சூழல் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு உறுதியானால், பணிக்காயமாகக் கொள்ளுமாறு இ.எஸ்.ஐ. சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. சாதாரண நோய்விடுப்புக்குச் சராசரி ஊதியத்தில் 70 விழுக்காடு; பணிக்காயத்துக்கோ 90 விழுக்காடு. வண்டியின் உரிமையாளரே ஓட்டிச் சென்றிருந்தால், காப்பீட்டிலுள்ள 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துப் பாதுகாப்பு இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் பொருந்தும். செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருத்தல் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை, தொடக்கத்தில் கூறிய அந்த ஒருவரிப் பதிவே. எனவே காயமுற்றவரை அழைத்து வருவோர், "வழுக்கி விழுந்தார்" என்பதோடு நிறுத்தாமல், எந்த இடம், எத்தனை மணி, ஆலைக்குப் போகும் வழியா வரும் வழியா, சாலையில் கிடந்தது ஜல்லியா மணலா என்பதையும் பணியிலிருக்கும் மருத்துவரிடம் கூறி எழுதச் செய்யுங்கள். இயன்றால் அவ்விடத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள். அதே படத்தைத் தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 எண்ணில் புகார் அளிக்கும்போதும், மாநில நெடுஞ்சாலைத் துறைச் சாலையாயின் "நம்ம சாலை" செயலியிலும் பயன்படுத்தலாம். ஜல்லி அங்கேயே கிடக்குமாயின் மறுநாள் இரவு ஷிப்டு முடிந்து வருபவரும் அதே வளைவில்தான் திரும்ப வேண்டியிருக்கும்.