மிஸ்ஸிங் எப்போ அடிக்குது? அப்பாவோட அம்பாசடரை டீபக் பண்ண கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். நான் பேசும்போது போட்ட "அப்புறம்", "அதாவது" எல்லாவற்றிலும் பாதியை வெட்டிவிட்டேன்.)

இந்த வாரம் சாஃப்ட்வேர் இல்லை. ஆனால் டீபக்கிங்தான்.

பொள்ளாச்சியில் எங்கள் வீட்டில் ஒரு அம்பாசடர் மார்க் 4 இருக்கிறது. பெட்ரோல் வண்டி. 1489 சிசி, நாலு சிலிண்டர், பி.எம்.சி. பி-சீரிஸ் என்ஜின். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக இங்கிலாந்திலிருந்து வந்த டிசைன். உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. அப்பா மட்டும் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆழியார் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்விட்டு வருவார்.

போன வருஷம் அந்த வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று யாரோ பின்னால் பிடித்து இழுத்த மாதிரி ஒரு வெட்டு, சைலன்சரில் "பட்" என்று ஒரு சத்தம், மறுபடி ஓடும். பிளக் மாற்றியாயிற்று, காயில் மாற்றியாயிற்று, கார்புரேட்டர் இரண்டு முறை கழுவியாயிற்று. கடைசியில் ஒர்க்‌ஷாப்பில், "என்ஜின் இறக்கிப் பார்த்தாத்தானுங்க தெரியும்" என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி அப்பா போனில், "வித்துடலாம் கண்ணு, இனி முடியாது" என்றார். அவர் வண்டியைத்தான் சொன்னார். ஆனா குரல் அப்படி இல்லை. அந்த வெள்ளிக்கிழமையே ஊருக்குப் பஸ் ஏறினேன்.

முதலில் நான் பண்ண தப்பு

வந்ததும் நான் ஒரு பெரிய இவன் மாதிரி கண்டன்சரை மாற்றினேன். ஏன்? பழைய வண்டியில் மிஸ்ஸிங் என்றால் எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான். மாற்றிவிட்டு வாசலில் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணினேன். ஐட்லிங் வெண்ணெய் மாதிரி இருந்தது. தெருவில் ஒரு சுற்று போனேன், ஒன்றும் இல்லை. "சரியாயிடுச்சுப்பா" என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் ஆழியார் ரோட்டில் போகும்போது வண்டி நாலு முறை வெட்டியிருக்கிறது. பின்னாலேயே ஒரு லாரி. அம்மா வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பேசவே இல்லை.

நம்ம வேலையில் இதுக்கு ஒரு பேர் இருக்கு: "என் மெஷின்ல ஓடுதே!" கோளாறு எங்கே வருகிறதோ அங்கே டெஸ்ட் பண்ணாமல் டிக்கெட்டை மூடிவிட்டேன். எதை மாற்றலாம் என்று கேட்டேனே தவிர, மிஸ்ஸிங் எப்போ அடிக்குது என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஸ்பார்க் வரும் வழி

பேட்டரியின் 12 வோல்ட் காயிலின் முதல் சுற்றுக்குப் போகிறது. அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் வழியாக பாடி எர்த்துக்குப் போகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் காந்தப்புலம் ஏறும். பாயிண்ட் திறந்த நொடியில் அது சரியும், அப்போது இரண்டாவது சுற்றில் பல ஆயிரம் வோல்ட் கிளம்பும். பாயிண்டில் பொறி பறந்து அது கருகாமல் காப்பதும், அந்தச் சரிவைச் சட்டென்று நடக்கவைப்பதும் கண்டன்சர். அந்த ஹை வோல்டேஜ் ரோட்டருக்கு வந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் இருக்கும் நாலு முனைகளுக்கு 1-3-4-2 என்ற வரிசையில் பிரிந்து, எச்.டி. வயர் வழியாக பிளக்குக்குப் போகிறது.

வேகத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 3000 ஆர்.பி.எம்-மில் நாலு சிலிண்டர் என்ஜினுக்கு நொடிக்கு 100 ஸ்பார்க் வேண்டும். அதாவது அந்தச் சின்ன பாயிண்ட் நொடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது.

இந்தப் படத்தில் முக்கியமான இடம் ரோட்டர். அதுக்கு முன்னாடி இருப்பதெல்லாம் நாலு சிலிண்டருக்கும் பொது. அதுக்கு அப்புறம் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பாதை. அதனால் முதல் கேள்வி: மிஸ் ஆவது ஒரு சிலிண்டரா, நாலுமா?

ஒன்றா, நாலா?

ஒரு சிலிண்டர் மட்டும் செத்திருந்தால் என்ஜின் நொண்டும், ஒரே தாளத்தில். எது என்று கண்டுபிடிக்க, ஐட்லிங்கில் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்க்கலாம். கழற்றும்போது வேகம் விழுந்தால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. விழவே இல்லையென்றால் அதுதான் சோம்பேறி. பிறகு அந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் பிளக்தான் குற்றவாளி.

ஒரு எச்சரிக்கை. ஓடும் என்ஜினில் வெறுங்கையால் வயரைத் தொடாதீர்கள். இன்சுலேஷன் உள்ள பிளையர் வேண்டும். கழற்றிய வயரை அந்தரத்தில் தொங்கவிடாமல், ஒரு உதிரி பிளக்கில் மாட்டி, பிளக்கின் உடலை என்ஜின் மேல் எர்த் ஆகும்படி வையுங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால் இந்த வேலையே வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பானட் பக்கமே வர வேண்டாம்.

எங்கள் வண்டியில் நாலும் ஒரே மாதிரி விழுந்தது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் நாலும் ஒரே நிறம். அடிக்கும் வெட்டும் நொண்டல் இல்லை, மொத்தமாகச் சுவிட்சை அணைத்துப் போட்ட மாதிரி. பெட்ரோல் வராமல் போனால் பெரும்பாலும் அப்படி இருக்காது. மூச்சு வாங்குகிற மாதிரி இழுத்து இழுத்துத்தான் சோரும். ஆக, கோளாறு ரோட்டருக்கு முன்னாடி. பாதி வீடு தேடி முடிச்சாச்சு.

அப்பா சொன்ன துப்பு

அப்புறம்தான் அப்பாவை உட்காரவைத்துக் கேட்டேன். "எப்பப்பா அடிக்குது?"

"சமமான ரோட்டுல, டாப் கியர்ல, அம்பதுல போறப்போ. சும்மா லேசா மிதிச்சுட்டுப் போறப்போதான் கண்ணு."

"மேட்டுல?"

"அதான் அதிசயம். வால்பாறை மலையில ஏறிப் பார்த்தேன். அஞ்சாறு கொண்டை ஊசி ஏறுச்சு, ஒரு மிஸ்ஸிங் இல்ல."

இதை அவர் ஒர்க்‌ஷாப்பிலும் சொல்லியிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

ஏன் இது அதிசயம்? மேட்டில் முழுசா மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம். அந்த அழுத்தத்தில் பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். காயில் பலவீனமாக இருந்தாலோ, மூடியில் விரிசல் இருந்தாலோ அங்கேதான் முதலில் மாட்டிக்கொள்ளும். பெட்ரோல் பற்றாக்குறையும் மேட்டில்தான் தெரியும். இந்த வண்டி மேட்டில் நன்றாக ஏறுகிறது. சமதளத்தில் திணறுகிறது.

அப்போ, லேசாக மிதிக்கும்போது மட்டும் நடக்கிற விஷயம் என்ன? வேக்குவம் அட்வான்ஸ்!

கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு மெல்லிய குழாய் போகும். த்ராட்டில் லேசாகத் திறந்திருக்கும்போது என்ஜினின் உறிஞ்சல் அந்தக் குழாயில் கிடைக்கும். அது ஒரு டயாஃப்ரத்தை இழுக்கும், பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு சில டிகிரி நகரும், ஸ்பார்க் கொஞ்சம் முன்னாலேயே விழும். லேசான லோடில் கலவை மெதுவாக எரியும் என்பதால் இந்த ஏற்பாடு, மைலேஜுக்காக. ஐட்லிங்கில் த்ராட்டில் மூடியிருப்பதால் குழாயின் துளைக்கு உறிஞ்சல் எட்டாது. முழுசா மிதித்தால் உறிஞ்சலே குறைந்துவிடும். இரண்டிலும் தட்டு தன் இடத்திலேயே நிற்கும்.

தட்டு நகரும்போது மட்டும் வெட்டு. அப்படியென்றால் தட்டோடு சேர்ந்து நகரும் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது.

இரண்டு டெஸ்ட், ஒரு வயர்

முதல் டெஸ்ட்: குழாயை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கழற்றி, அதன் வாயை ஒரு போல்ட்டால் அடைத்துவிட்டு, அதே ஆழியார் ரோட்டில், அதே வேகத்தில் ஓட்டினோம். போக வர ஒரு வெட்டு கூட இல்லை. வேறு எதையும் தொடவில்லை. ஒரே ஒரு மாற்றம், ஒரே ஒரு விடை.

இரண்டாவது டெஸ்ட்: இக்னிஷனை அணைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ரோட்டரையும் எடுத்தேன். காயில் வயரைக் கழற்றிவிட்டு, வெளி டெர்மினலுக்கும் பாயிண்டின் ஸ்பிரிங்குக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். தொடர்பு இருக்கிறது. பிறகு வேக்குவம் யூனிட்டில் ஒரு டியூப் மாட்டி வாயால் உறிஞ்சினேன். தட்டு நகர்ந்தது. மீட்டர் செத்தது. விட்டேன், உயிர் வந்தது.

உள்ளே ஒரு விரல் நீளம்கூட இல்லாத வயர். மேலே இன்சுலேஷன் முழுசாக இருந்தது. தட்டு நகரும் ஒவ்வொரு முறையும் மடங்கி மடங்கி, வருஷக்கணக்கில், உள்ளே செம்புக் கம்பிகள் அறுந்துபோயிருந்தன. கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. தட்டை எர்த் பண்ணும் இன்னொரு சின்ன வயரும் இதே மாதிரி போகும், அதையும் பார்த்துவிடுங்கள்.

மாற்றும்போது வீட்டு வயரிங் துண்டு போடக்கூடாது. அது விறைப்பாக இருக்கும், தட்டை நகரவிடாது, சீக்கிரமே முறியும். நுண்ணிய இழைகள் நிறைய உள்ள மிருதுவான வயர் வேண்டும். கொஞ்சம் தளர்வு விடுங்கள், ஆனால் சுழலும் தண்டில் உரசக்கூடாது. பாயிண்டைக் கழற்றியதால் ஃபீலர் கேஜ் வைத்து அதன் இடைவெளியை 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்தேன். அந்த இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். அதனால் டைமிங்கையும் சரிபார்த்து, வேக்குவம் குழாயை மறுபடி மாட்டினேன்.

"எப்போ" என்பதற்கு ஒரு சின்னப் பட்டியல்

- எப்போதும், ஒரே சிலிண்டர்: பிளக், அதன் வயர், மூடியில் அந்த முனை.
- மழை, ஈரமான காலை: மூடி, எச்.டி. வயர். இருட்டில் பானட்டைத் திறந்தால் கரண்ட் கசிவது நீலமாகத் தெரியும்.
- சூடானால் மட்டும்: காயில், கண்டன்சர்.
- முழுசா மிதித்தால்: பிளக் இடைவெளி அதிகம், காயில் பலவீனம். பெட்ரோல் வரத்தையும் பாருங்கள்.
- அதிக ஆர்.பி.எம்-மில் மட்டும்: பாயிண்ட் ஸ்பிரிங் தளர்வு, பாயிண்ட் இடைவெளி.
- லேசாக மிதித்தால் மட்டும்: வேக்குவம் குழாயைக் கழற்றிப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் கலவை.

இது தீர்ப்பு இல்லை, எங்கே தேட ஆரம்பிக்கலாம் என்பதுதான். புதுப் பார்ட் என்பதால் நல்ல பார்ட் என்றும் நம்பாதீர்கள். கழற்றிய பழசைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். நாலு பார்ட்டை ஒரே நாளில் மாற்றி வண்டி சரியானாலும், எது கோளாறு என்று உங்களுக்குத் தெரியாது. சரியாகவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியவை நாலு கூடிவிடும்.

மறு ஞாயிறு அப்பாதான் ஓட்டினார், அம்மா முன் சீட்டில். நான் பின்னாடி உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். ஆழியார் செக்போஸ்ட் வந்தது. "திரும்பிடலாமாப்பா?" என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை. கியரைக் குறைத்து மலை ஏற ஆரம்பித்துவிட்டார்.

அறுந்த அந்த வயர் இப்போது என் மேஜையில், மானிட்டர் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த எபிசோடில் சாஃப்ட்வேருக்குத் திரும்புவோம். உங்கள் வீட்டில் யாராவது ஒரு கோளாறை "எப்போ" என்று தெளிவாகச் சொல்லி, நீங்கள் காதில் வாங்காமல் விட்ட கதை இருந்தால் எழுதுங்கள். வரட்டுங்களா?